நிலம் பார்த்த சம்பந்தம்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நிலத்துக்கு வந்துவிடுவார்கள். எத்தனை காணி, ஏரிப் பாசனமா கிணறா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், பாகம் பிரிந்துவிட்டதா என்று வரிசையாகக் கேள்வி வரும். ஜாதகம் மஞ்சள் பையிலிருந்து வெளியே வருவது அதற்குப் பிறகுதான். சதுரங்கப்பட்டினத்துக்கும் பாலாற்று முகத்துவாரத்துக்கும் நடுவே சவுக்கும் வேர்க்கடலையும் விளைகிற மணற்காட்டு ஊர்களில் இன்றைக்கும் இதுதான் நடைமுறை. என் அம்மாவைப் பெற்ற ஆயா தன் தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டவள். ஏன் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: சொத்து வெளியே போகக் கூடாது.

யூத விவசாயக் குடும்பங்களில் பெற்றோர் பார்த்துச் செய்யும் திருமணம் எங்கிருந்து வந்தது, எதனால் நிலைத்தது, எப்போது தளர்ந்தது என்று தேடிப் படித்தபோது ஆயாவின் அந்தப் பதில் அடிக்கடி எதிரே வந்து நின்றது. மரபு என்றால் வேதம், சடங்கு, பெரியவர்களின் சொல் என்றுதான் வழக்கமாக நினைக்கிறோம். யூதர்களின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் சம்பந்தத்தை முடிவு செய்தவை பெரும்பாலும் வேறு இரண்டு: குடும்பத்திடம் இருந்த நிலம், அக்கம்பக்கத்தில் இருந்த தங்கள் மக்களின் எண்ணிக்கை. வேதம் அவற்றுக்குச் சாட்சிக் கையெழுத்துதான் போட்டது.

சதுரங்கப்பட்டினத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கும் கோட்டை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. அதற்குள் குடும்பச் சின்னங்கள் செதுக்கிய கல்லறைப் பலகைகள் கிடக்கின்றன. சின்ன வயதில் அவற்றின் மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். அதே கம்பெனி 1663இல் கொச்சியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. அதற்கு முந்தின ஆண்டு போர்ச்சுக்கீசியர் தாக்கிச் சிதைத்த மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தை யூதர்கள் டச்சு ஆட்சியில்தான் மீண்டும் எழுப்பினார்கள். அடுத்த நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹாபி (1694–1771) என்ற கொச்சி யூதர் கம்பெனியின் தலைமை வணிகராகவே இருந்தார். எங்கள் கோட்டையிலிருந்து துணி ஏற்றுமதியான காலத்தில், மேற்குக் கரையில் அதே கம்பெனிக்கு ஒரு யூதக் குடும்பம் மிளகு பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கொச்சி யூதர்கள்மேல் ஆர்வம் பிறந்தது அந்தக் கல்லறைகளின் வழியாகத்தான்.

யூதர் என்றதும் வட்டிக்கடையும் வைரமும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. ஐரோப்பாவின் பல நாடுகளில் அவர்களுக்கு நிலம் வாங்கும் உரிமையே நூற்றாண்டுக்கணக்கில் இல்லாமல் இருந்ததால் வந்த பெயர் அது. அவர்களுடைய வேதமோ உழவர்களின் நூல். பண்டிகை நாள்காட்டி வாற்கோதுமை அறுப்பிலும் கோதுமை அறுப்பிலும் திராட்சைச் சேகரிப்பிலும் நடக்கிறது. திருமணம் பற்றி அது சொல்லும் பெரிய கதைகளும் வயலிலும் கிணற்றடியிலும்தான் நடக்கின்றன.

ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடத் தன் வேலைக்காரனைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறார். மாப்பிள்ளை கூடப் போகவில்லை. கிணற்றடியில் ரெபெக்காள் ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றுவதைப் பார்த்து வேலைக்காரன் தீர்மானிக்கிறான், நகை கொடுக்கிறான், அண்ணனிடம் பேசுகிறான். பெற்றோர் பார்த்த திருமணத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. ஆனால் கிளம்புகிற நேரத்தில் வீட்டார் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் வாயால் சொன்ன பிறகே ஒட்டகம் கிளம்புகிறது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் சிறுமியாக இருக்கும்போது தகப்பன் அவளை நிச்சயம் செய்துவிடக் கூடாது. அவள் வளர்ந்து, இன்னாரைத்தான் விரும்புகிறேன் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது.

அப்படியானால் நடைமுறையில் சிறுமிகளுக்கு ஏன் நிச்சயம் நடந்தது? இடைக்கால ஐரோப்பாவில் தல்மூதுக்கு உரை எழுதியவர்கள் அதற்கு நேர்மையாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். நாடற்ற வாழ்வின் நெருக்கடி நாளுக்கு நாள் ஏறுகிறது. இன்று சீர் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறது, நாளைக்கு இருக்குமோ தெரியாது. காத்திருந்தால் மகள் வீட்டிலேயே தங்கிவிடுவாள். வேதம் ஒன்று சொல்ல, தகப்பன் பயம் வேறொன்று செய்திருக்கிறது. கடன் வாங்குவதற்குள் மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிற நம்மூர்த் தகப்பனுக்கு இந்த உரைகாரர்களைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது.

நிலத்துக்கும் மணத்துக்கும் உள்ள முடிச்சு வெளிப்படையாகத் தெரிவது எண்ணாகமத்தில்தான். மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத் ஆண்வாரிசு இல்லாமல் இறந்துபோகிறார். அவருடைய மகள்கள் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஐந்து பேரும் மோசேயின் முன்னால் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பாவின் பெயர் அழிய வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வருகிறது. மூவாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு மரபில் பெண்கள் சபையில் நின்று நிலம் கேட்டு வாங்கிய இந்தக் கட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்துப் பெரியவர்கள் திரும்பி வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலம் அங்கே போய்விடுமே என்பது அவர்கள் முறையீடு. அதற்கும் தீர்வு கிடைக்கிறது: தங்கள் இஷ்டப்படி யாரை வேண்டுமானாலும் மணக்கலாம், ஆனால் தகப்பன் கோத்திரத்துக்குள் மட்டும். ஐவரும் தங்கள் அப்பாவுடன் பிறந்தவர்களின் மகன்களை மணக்கிறார்கள்.

தமிழ் வாசகர் இங்கே முகம் சுளிப்பார். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் நமக்கு அண்ணன் தம்பி முறை. நினைக்கவே கூடாத உறவு. நாம் சொத்தைக் காப்பாற்றப் போவது வேறு வாசல் வழியாக: அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள். அங்கே நிலம் தகப்பன்வழிக் கோத்திரத்துக்குள் நிற்க வேண்டியிருந்ததால் பங்காளி வீட்டுக்கே பெண்ணைக் கொடுத்தார்கள். இங்கே பங்காளிகள் ஏற்கெனவே வரப்புச் சண்டையில் இருப்பவர்கள். கொண்டான் கொடுத்தான் வீட்டோடுதான் உறவை மறுபடி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. வாசல் வேறாக இருந்தாலும் பூட்டப்பட்டது ஒரே வீடு. எந்த உறவு முறை, எந்த உறவு முறைகேடு என்பது இயற்கையிலேயே எழுதப்பட்டிருப்பதாக நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காள் மகள் விஷயத்தில் இன்னும் ஓர் ஆச்சரியம். தல்மூத் சகோதரி மகளை மணப்பவனைப் பாராட்டிப் பேசுகிறது. மனிதனுக்கு அண்ணன் தம்பியைவிட உடன்பிறந்தவள்மேல் பாசம் அதிகம், அதனால் அவள் பெற்ற பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வான் என்று 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி விளக்கம் சொல்கிறார். எங்கள் ஆயா கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பாள். சாக்கடல் ஓரம் வாழ்ந்த பழைய யூதப் பிரிவு ஒன்று இந்த வழக்கத்தையே கடுமையாகக் கண்டித்தது. அங்கே கிடைத்த சுருள்களில் அந்தக் கண்டனம் இருக்கிறது. ஆக, யூத மரபு என்று ஒற்றைக் குரலில் ஒன்றைக் காட்ட முடியாது. மரபு இப்படித்தான் சொல்கிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரூத்தின் கதை எல்லோரும் அறிந்தது. விதவையாகிப் பிழைக்க வந்த வேற்றினத்துப் பெண், பெத்லகேமில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கி, நிலத்துக்காரர் போவாஸை மணக்கிறாள். அதில் சட்டம் பேசுகிற இடம் நான்காம் அதிகாரம். ஊர்வாசலில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, போவாஸ் தன்னைவிட நெருங்கிய உறவினன் ஒருவனை அழைத்து, இறந்தவனின் நிலத்தை மீட்டுக்கொள் என்கிறார். அவன் சம்மதிக்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், என் சொத்துக் கெட்டுப்போகும் என்று பின்வாங்குகிறான். வயலும் விதவையும் ஒரே பத்திரத்தில். ரூத்தின் அன்பைப் போற்றுகிறவர்கள் இந்தப் பேரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கதை.

கோத்திரத்துக்குள் மட்டும் என்ற பூட்டு ஒருநாள் திறந்தது. அந்தக் கட்டுப்பாடு செலோப்பியாத் மகள்களின் தலைமுறைக்கு மட்டுமே உரியது என்று பின்னால் வந்தவர்கள் பொருள் கண்டார்கள். அப்படித் திறந்த நாள் யூத நாள்காட்டியின் ஆவ் மாதத்துப் பதினைந்தாம் நாள் என்கிறது தல்மூத். அந்த நாளில் எருசலேமின் கன்னிப் பெண்கள் வெள்ளாடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆடுவார்களாம். இளைஞர்கள் அங்கே வருவார்களாம். எல்லோரும் உடுத்துவது இரவல் உடை. உடை இல்லாதவள் கூச்சப்படக் கூடாது என்பதற்காகப் பணக்கார வீட்டுப் பெண்ணும் இரவல்தான் வாங்கி உடுத்த வேண்டும். பெண்ணின் சீர்வரிசையையும் நகையையும் ஒரு நாளாவது கண்ணில் படாமல் வைத்த அந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, பெரிய மனது.

ஐரோப்பாவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஷோலம் அலைக்கம் 1894இல் தொடங்கி எழுதிய பால்காரர் டெவியாவின் கதைகளும், அவற்றிலிருந்து 1964இல் பிராட்வேயில் வந்த இசை நாடகமும்தான் உலகத்துக்கு யூதக் கிராமத்துத் திருமணத்தை அறிமுகப்படுத்தின. தரகர் கொண்டுவரும் வரனைத் தள்ளி மகள்கள் ஒவ்வொருவராகத் தாங்களே தேர்ந்தெடுக்க, தகப்பன் மரபின் பெயரைச் சொல்லித் தவிக்கிறார். ஜார் ஆட்சியின் 1882 மே மாதச் சட்டங்கள் யூதர்கள் கிராமப்புறத்தில் புதிதாகக் குடியேறுவதையும் நிலம் பிடிப்பதையும் தடுத்தன. டெவியாவிடம் பசு உண்டு, வண்டி உண்டு, காணி இல்லை. மகள்களைப் பிடித்து நிறுத்த அவரிடம் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போனதுதான் அந்தக் கதையின் ஆழத்தில் இருக்கும் வேதனை என்று எனக்குத் தோன்றுகிறது. பாகம் பிரித்துக் கொடுக்க நிலம் வைத்திருக்கும் தகப்பனிடம் பிள்ளைகள் அவ்வளவு சுலபமாக எதிர்த்துப் பேசிவிடுவதில்லை.

இனிக் கேரளத்துக்கு வருவோம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு கொச்சியில் பாதுகாக்கப்படுகிறது. எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழ் படித்தவர் தட்டுத்தடுமாறியாவது புரிந்துகொள்ளக்கூடிய பழைய மலையாளம். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக்குழுப் பதவியும் எழுபத்திரண்டு உரிமைகளும் அதில் வழங்கப்படுகின்றன. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று போகும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு கல்யாண ஊர்வலம் கண்ணில் ஓடும். அந்தக் காலத்தில் யார் பல்லக்கில் போகலாம், யார் தோரணம் கட்டலாம் என்பது அரசன் தரும் உரிமை. அதைவிட முக்கியம், இவை யார் யாருக்குச் சேரும் என்ற வாசகம்: அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், பெண்மக்களை மணந்த மருமக்கள். மருமகன் அரசாணையிலேயே ஏறிவிட்டான். எந்த வீட்டுப் பையன் மருமகனாக வருகிறான் என்பது இனி அந்த வீட்டுப் பெண்ணின் விருப்பத்தோடு மட்டும் முடிகிற விஷயமாக எப்படி இருக்கும்?

கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் எட்டு ஜெபாலயங்களைச் சுற்றி அவர்கள் வாழ்ந்தார்கள். இஸ்ரேல் பிறந்த 1948இல் மொத்தமே சுமார் 2,500 பேர். பெரும்பாலோர் சிறு வியாபாரிகள். சிலருக்குத் தென்னந்தோப்பும் வயலும் இருந்தன. எட்டு ஜெபாலயம், ஐந்து ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என்றால் ஒரு பையனுக்கு வயதொத்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிறந்தபோதே ஏறக்குறைய முடிவாகிவிடும். பெற்றோர் பார்த்த திருமணம் என்பதைவிட எண்ணிக்கை பார்த்த திருமணம் என்று சொல்லலாம்.

சடங்குகளில் மண்ணின் மணம் நிறைந்திருந்தது. மணமகள் கழுத்தில் தாலி ஏறியது. அராமிய மொழியில் எழுதிய கெத்துபா என்னும் திருமணப் பத்திரம், மணமுறிவிலோ மரணத்திலோ மனைவிக்குக் கணவன் தரவேண்டிய தொகையைச் சொல்லியது. முறைப்படி பட்டம் பெற்ற ரபிகள், அதாவது மதகுருக்கள், அவர்களிடையே இல்லை. பெரியவர்களே முன்னின்று நடத்தினார்கள். எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பெண்களின் கல்யாணப் பாட்டுகள். யூத மலையாளத்தில் அமைந்த அவற்றைப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தார்கள். பல யூதச் சமூகங்களில் ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடத் தடை உண்டு. கேரளத்தில் ஆண்கள் இருக்கும் சபையிலேயே பாடினார்கள். சம்பந்தத்தை ஆண்கள் பேசி முடித்திருக்கலாம். அந்தக் கல்யாணத்தை ஊருக்கு முன்னால் சொல்லி நிறைவேற்றியது பெண்களின் குரல். கொச்சியில் 1912இல் பிறந்து 1951இல் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணை ஒன்றுக்குப் போன ரூபி டேனியல் இந்தப் பாட்டுகளை மொழிபெயர்த்து, பார்பரா ஜான்சனோடு சேர்ந்து தன் நினைவுகளையும் 1995இல் நூலாக்கினார். ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்த பாட்டுகள் 2005இல் எபிரேய மொழிபெயர்ப்போடு வெளிவந்தன.

இதே சமூகத்தில்தான் கசப்பான பக்கமும் இருக்கிறது. தொன்றுதொட்டு மலையாளக் கரையில் வாழ்ந்த மலபார் யூதர்களோடு, 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பரதேசி யூதர்கள் மணஉறவு வைத்துக்கொள்ளவில்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோரைப் பரதேசி ஜெபாலயத்தில் உள்ளே உட்காரவே விடவில்லை, முன்கூடத்தில்தான் இடம். எல்லோரும் ஒரே வேதத்தை ஒரே மொழியில் படித்தவர்கள். மட்டாஞ்சேரியில் இருந்தவர்கள் ஒரே தெருவில் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள். சாதி எப்படி மதம் மாறி வந்தவனையும் கடல் கடந்து வந்தவனையும் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விடுவிக்கப்பட்டோர் வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். இருந்தும் கடைசியாக விழுந்தது மணச்சுவர்தான். அவருடைய மகன் ஒருவர் 1950இல் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது திருமணத்தைச் சொந்த ஊரில் நடத்த முடியாமல் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது.

அடைத்த கதவின் விளைவு கண்முன் இருக்கிறது. பரதேசிகள் எப்போதும் மிகச் சிலராகவே இருந்தார்கள். உள்ளுக்குள்ளேயே வரன் தேடி, கிடைக்காதவர்கள் மணமாகாமலே முதிர்ந்து, மீதிப்பேர் இஸ்ரேலுக்கும் வேறு நாடுகளுக்கும் போய், இன்று அந்தத் தெருவில் பத்து ஆண்கள் கூடிச் செய்ய வேண்டிய வழிபாட்டைச் சொந்தமாக நடத்த ஆளில்லை. தங்கள் மரபு கலந்துவிடக் கூடாது என்றுதான் மணத்தை அடைத்தார்கள். அந்த மரபைத் தூக்கிச் செல்லப் பிள்ளைகள் இல்லாமல் போனதற்கு அந்த அடைப்பே பெரும் காரணம். இதை எழுதும்போது எனக்கு அவர்கள்மேல் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம்.

மலபார் யூதர்களின் வழி வேறாகப் போயிற்று. 1953 முதல் 1955 வரை கிட்டத்தட்ட ஊர் ஊராகவே கிளம்பினார்கள். யானைக்கால் நோய்ப் பரிசோதனை என்று முதலில் இழுத்தடிப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தபின் பெரும்பாலோரை மோஷாவ் எனப்படும் கூட்டுறவு விவசாயக் கிராமங்களில் குடியமர்த்தினார்கள்: நெவாத்திம், மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேசர், லெபனான் எல்லையில் கஃபார் யூவால். மிளகும் முட்டையும் விற்றவர்களில் நெவாத்திமுக்குப் போனவர்கள், ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்யும் நெகேவ் பாலைவனத்து ஓரத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். நம் கடற்கரையில் பெய்வது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. பிற்பாடு நெவாத்திம்காரர்கள் பசுமைக்குடிலில் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கொச்சி யூதர்கள் முழு அர்த்தத்தில் விவசாயக் குடும்பங்களானது அங்கேதான். 1973இல் வெளிவந்த கில்பர்ட் குஷ்னரின் ஆய்வு நூல் அத்தகைய ஒரு கிராமத்தைப் பற்றியது. எதைப் பயிரிடுவது, எப்படி வாழ்வது என்பதில் வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் எவ்வளவு தூரம் தலையிட்டார்கள் என்று அதில் படிக்கலாம்.

மணத்தின் விதியை அங்கே மூன்று விஷயங்கள் மாற்றின. முதலாவது சட்டம். அவர்கள் வந்து இறங்கிய அதே 1953இல், யூதர்களின் திருமணமும் மணமுறிவும் ரபிகளின் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியவை என்று இஸ்ரேல் சட்டம் இயற்றியது. ரபியே இல்லாமல் ஆயிரம் ஆண்டு கல்யாணம் நடத்தியவர்கள் இனி ரபியிடம் பதிவு செய்ய வேண்டும். பெண்ணின் குறைந்தபட்ச வயது 17 என்று 1950இலேயே விதி வந்திருந்தது. இரண்டாவது எண்ணிக்கை. முதல் தலைமுறைப் பெற்றோர் பெரும்பாலும் கொச்சிக்காரர்களின் மோஷாவுகளுக்குள்ளேயே சம்பந்தம் தேடினார்கள். பள்ளியிலும் ராணுவத்திலும் மொராக்கோ, யேமன், ஈராக் யூதர்களோடு பழகிய பிள்ளைகளுக்கு முன்னால் திடீரென்று ஒரு நாடே திறந்துகொண்டது. தடை போட்டவர்கள் யாரும் தோற்கடிக்கப்படவில்லை. தடைக்குக் காரணமாக இருந்த நெருக்கடி போய்விட்டது. கலப்பு மணங்கள் பெருகின.

மூன்றாவது நிலம். மோஷாவில் ஒரு குடும்பத்துக்குரிய பண்ணைக்கு நஹலா என்று பெயர். எண்ணாகமத்தில் செலோப்பியாத் மகள்களுக்குக் கிடைத்த காணிக்கும் எபிரேயத்தில் அதே சொல்தான். நிலம் அரசின் குத்தகை. அதைப் பிரிக்க முடியாது. பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே அடுத்துப் பண்ணையை நடத்தும் தொடர்வாரிசாக, துணைவரோடு சேர்த்து, நியமிக்கப்படலாம். மகளாகவும் இருக்கலாம். எந்தப் பிள்ளை ஊரில் தங்குகிறது, அதன் துணையாக வருபவர் மாட்டுக்கொட்டகையிலும் பசுமைக்குடிலிலும் தோள் கொடுப்பாரா என்ற கேள்விகள் பெற்றோர் மனதில் இப்படித் திரும்பவும் உயிர்பெறுகின்றன. யார் என்று பெற்றோர் தேர்ந்தெடுக்காவிட்டாலும், எங்கே வாழ்வது என்ற பேச்சில் பண்ணை முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. யோசேப்பு ரப்பானின் செப்பேட்டில் இடம்பெற்ற மருமக்கள், ஆயிரம் ஆண்டுக்குப்பின் மோஷாவின் குத்தகைப் பத்திரத்திலும் இருக்கிறார்கள்.

கேரளத்துக்கு வெளியே, கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் சனிவார் தேலி என்று பெயர். பென்கர், நவ்காவ்கர் என்று ஊர்ப்பெயரே குடும்பப்பெயராக நின்றதால் வரன் பேசும்போது பூர்வீகம் தெரிந்துவிடும். இஸ்ரேலில் அவர்களுக்கு அந்தப் பூர்வீகமே வினையாயிற்று. 1962இல் தலைமை ரபிகள் அனுப்பிய சுற்றறிக்கை, பெனே இஸ்ரேலைச் சேர்ந்தவர் பிற யூதரை மணக்க வந்தால் முன்னோர் வரலாற்றைத் துருவ வேண்டும் என்றது. குடும்பம் குடும்பமாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தலையிட்ட பிறகு அந்தச் சுற்றறிக்கை திருத்தப்பட்டது. ஆந்திராவில் குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிபாலத்தில் தங்களை பெனே எப்ராயீம் என்று அழைத்துக்கொள்ளும் சில பத்துக் குடும்பங்கள் உண்டு. மாதிகா சமூகத்திலிருந்து வந்த விவசாயக் கூலிகள். அவர்களிடம் பூட்டி வைக்க நிலமே இல்லை. யூதர் என்ற ஏற்பும் சாதியின் இழிவிலிருந்து வெளியேறும் வழியும் அவர்களுக்கு ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. நம் பக்கத்து மாநிலத்தில் நடக்கும் அந்த முயற்சியைத் தமிழில் யாராவது அக்கறையோடு எழுத வேண்டும்.

இலங்கையில் ஒரு விசித்திரமான தொடுப்பு உண்டு. புசல்லாவையில் ரோத்சைல்டு தோட்டம் என்று பெயர்பெற்ற காப்பித் தோட்டத்தை 1841இல் தொடங்கியவர்கள் வோர்ம்ஸ் சகோதரர்கள். ரோத்சைல்டு குடும்பத்தின் மகள்வழிப் பேரர்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தென்மாவட்டத்துத் தமிழர்கள். ரோத்சைல்டு வீட்டிலும் சொத்து வெளியே போகக் கூடாது என்ற அதே கணக்கு ஓடியது. 1824இல் ஜேம்ஸ் ரோத்சைல்டு தன் அண்ணன் சாலமனின் மகள் பெட்டியை மணந்தார். யூதச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. தோட்டத்து லயத்தில் இருந்த தமிழர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள்: அண்ணன் மகள் நமக்கு மகள். ஆனால் அக்காள் மகளைக் கட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அந்த லயங்களிலேயே இருந்திருப்பார்கள்.

நம் சட்டத்தையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமையைத் திருத்தி, பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே மணமாகிவிட்ட மகள்களுக்கு அந்தப் பங்கு இல்லை என்று விலக்கு வைத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணோடு நிலம் போய்விடும் என்ற அந்தப் பயம், மோசேயிடம் முறையிட வந்த கோத்திரப் பெரியவர்களின் பயமேதான். 2005இல் மத்தியச் சட்டம் வந்த பிறகே அந்த விலக்கு நீங்கியது. இன்றும் எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணமான தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காமல் அண்ணன்மார் தூங்குவதில்லை. ஆயாவுக்கு அந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை. நிலம் இருந்த வீட்டிலேயே அவளையும் வைத்துவிட்டார்கள். மாமனைக் கட்டிக்கொள்ள உனக்கு விருப்பமா என்று அவளை யாராவது கேட்டார்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். கேள்வி அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

சேந்தமங்கலம் ஜெபாலயத்தைக் கேரள அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. அதன் வாசலில் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையது என்கிறார்கள். எங்கள் கோட்டையில் உள்ள கற்களைப் போல அதில் குடும்பச் சின்னம் கிடையாது. இஸ்ரவேலின் மகள் சாரா என்று பெயர் இருக்கிறது. எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள், யார் சம்பந்தம் பேசினார்கள், போகிறாயா என்று அவளை யாரும் கேட்டார்களா என்பதெல்லாம் கல்லில் இல்லை.